ஏர் கோஸ்டா

ஏர் கோஸ்டா என்பது இந்தியாவில் 2013 அக்டோபர் முதல் 2017 பெப்ரவரி வரை இயங்கிய ஒரு வட்டார வானூர்தி நிறுவனம் ஆகும். இதன் தலைமையகம் ஆந்திரப் பிரதேசத்தின் விஜயவாடா நகரிலும், இயக்கத்திற்கும் பராமரிப்பிற்குமான தளம் சென்னை விமான நிலையத்திலும் அமைந்திருந்தன. எல்.ஈ.பி.எல் என்னும் ஆந்திர வணிகக் குழுமம் இதன் உரிமையாளராக இருந்தது. பிரேசில் நாட்டு எம்பிரேயர் நிறுவனம் தயாரித்த சிறிய ஜெட் வானூர்திகளை மட்டுமே இது பயன்படுத்தியது.

இரண்டு வானூர்திகளுடன் சேவையைத் தொடங்கிய இந்நிறுவனம், நான்கு மாதங்களுக்குள் 50 புதிய வானூர்திகளை வாங்க ஒப்புக்கொண்டு உலகின் கவனத்தைப் பெற்றது. எனினும் அவற்றில் ஒன்று கூட வந்து சேரும் முன்னரே, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நான்கு மாதங்களில் இதன் பறப்புகள் நின்றுபோயின. இந்திய வட்டார வானூர்திச் சேவைகள் சந்தித்த இடர்களுக்கு இதன் வரலாறு ஓர் எடுத்துக்காட்டாகக் கருதத்தக்கது.

அடிப்படைத் தகவல்கள்

- சேவை தொடக்கம்: 2013 அக்டோபர் 15
- சேவை நிறுத்தம்: 2017 பெப்ரவரி 28
- தலைமையகம்: விஜயவாடா
- இயக்கத் தளம்: சென்னை
- வானூர்தி வகைகள்: எம்பிரேயர் இ-170, எம்பிரேயர் இ-190
- ஐஏடிஏ குறியீடு: எல்பி
- ஐசிஏஓ குறியீடு: எல்ஈபி

பின்னணி

இந்தியாவில் உள்நாட்டு வான்போக்குவரத்து நீண்ட காலம் அரசின் தனியுரிமையாக இருந்தது. 1994-இல் வான்கழகச் சட்டம் நீக்கப்பட்ட பின்னர் தனியார் நிறுவனங்கள் அட்டவணைச் சேவைகளை முறையாக நடத்த வழி பிறந்தது. ஆனால் புதிய நிறுவனங்களில் பெரும்பாலானவை டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூர், ஐதராபாத் ஆகிய பெருநகரங்களை இணைக்கும் வழித்தடங்களையே நாடின. சிறு நகரங்களுக்குப் போதிய சேவை கிடைக்கவில்லை.

இக்குறையைப் போக்கும் நோக்குடன் 2007-இல் இந்திய அரசு வட்டார வானூர்தி நிறுவனங்களுக்கென ஒரு தனி உரிம வகையை உருவாக்கியது. இவ்வகை உரிமம் பெறும் நிறுவனம் நாட்டின் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு ஆகிய வட்டாரங்களுள் ஒன்றைத் தன் களமாகக் கொள்ள வேண்டும். நாடு முழுவதும் பறக்கும் நிறுவனங்களை விடக் குறைந்த முதலீட்டுடன் இதனைத் தொடங்கலாம். அதற்கு ஈடாகப் பெருநகரங்களுக்கு இடையே பறப்பதில் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. தென் வட்டாரத்திற்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. சென்னை, பெங்களூர், ஐதராபாத் ஆகிய மூன்று பெருநகரங்களும் ஒரே வட்டாரத்தில் அமைந்திருப்பதால், அவற்றிற்கு இடையே தென் வட்டார நிறுவனங்கள் பறக்கலாம் என அனுமதிக்கப்பட்டது. இந்தியாவின் வட்டார வானூர்தி நிறுவனங்கள் பல தென்னிந்தியாவிலேயே தோன்றியமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

ஏர் கோஸ்டாவிற்கு ஒரு முன்னோடியும் இருந்தது. சென்னையைத் தளமாகக் கொண்டு 2005-இல் தொடங்கப்பட்ட பாரமவுண்ட் ஏர்வேஸ், எம்பிரேயர் இ-170, இ-175 வகை வானூர்திகளை இந்தியாவில் முதன்முதலாக இயக்கியது. வணிக வகுப்பு இருக்கைகளை மட்டுமே கொண்டு மதுரை, கோயம்புத்தூர் உள்ளிட்ட நகரங்களை அது இணைத்தது. வானூர்திகளைக் குத்தகைக்கு விட்டவர்களுடன் ஏற்பட்ட பிணக்கினைத் தொடர்ந்து 2010-இல் அதன் சேவை முடிவுற்றது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் ஏர்லைன்சும் தன் சேவைகளை நிறுத்தியது. கிங்ஃபிஷர், தான் முன்னர் இணைத்துக்கொண்ட ஏர் டெக்கான் நிறுவனத்தின் வழியாகச் சிறு நகரங்கள் பலவற்றுக்கும் பறந்து வந்ததால், இதன் வீழ்ச்சி தென்னிந்திய வழித்தடங்களில் ஒரு வெற்றிடத்தை ஏற்படுத்தியது.

தொடக்கம்

இச்சூழலில் 2013 அக்டோபர் 15 அன்று ஏர் கோஸ்டா தன் சேவையைத் தொடங்கியது. அப்போது அதனிடம் இரண்டு இ-170 வானூர்திகள் இருந்தன. ஆந்திரப் பிரதேசம் அன்று பிரிக்கப்படாத மாநிலமாக இருந்தது. ஐதராபாத் அதன் தலைநகர். விஜயவாடாவோ கிருஷ்ணை ஆற்றின் கரையில் அமைந்த, தொடருந்துச் சந்திப்பாலும் வணிகத்தாலும் பெயர் பெற்ற நகரமாக இருந்த போதிலும், வான்வழித் தொடர்பில் பின்தங்கியிருந்தது. நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கன்னவரத்தில் அதன் விமான நிலையம் அமைந்துள்ளது.

தலைமையகம் விஜயவாடாவில் இருந்தும் வானூர்திகளின் பராமரிப்புத் தளம் சென்னையில் அமைக்கப்பட்டது. ஒரு வட்டார நிறுவனத்தின் பயணிகள் சிறு நகரங்களில் இருந்தாலும், அதன் பொறியியல் வசதிகளும் இணைப்புப் பயணிகளும் பெருநகரங்களிலேயே கிடைக்கின்றன என்பதை இவ்வேற்பாடு காட்டுகிறது.

சேவை வழங்கிய நகரங்கள்

ஏர் கோஸ்டா வெவ்வேறு காலங்களில் சேவை வழங்கிய முக்கிய நகரங்கள் வருமாறு:

- ஆந்திரப் பிரதேசம்: விஜயவாடா, விசாகப்பட்டினம், திருப்பதி
- தெலங்கானா: ஐதராபாத்
- தமிழ்நாடு: சென்னை, கோயம்புத்தூர்
- கர்நாடகம்: பெங்களூர்
- குசராத்து: அகமதாபாத்
- இராசத்தான்: செய்ப்பூர்

தென் வட்டார நிறுவனமாக இருந்தும் இது அகமதாபாத்திற்கும் செய்ப்பூருக்கும் பறந்தது கவனிக்கத்தக்கது. பிற வட்டாரங்களின் பெருநகரங்கள் இதற்கு மூடப்பட்டிருந்தன. ஆனால் விதிகளின்படி அகமதாபாத்தும் செய்ப்பூரும் பெருநகரங்களாகக் கணக்கிடப்படவில்லை. எனவே டெல்லிக்கும் மும்பைக்கும் செல்ல இயலாத ஒரு நிறுவனம் அவற்றிற்கு அடுத்த நிலையில் இருந்த நகரங்களை நாடியது.

வானூர்திகள்

இ-170

எம்பிரேயர் இ-170 இரண்டு எஞ்சின்கள் கொண்ட சிறிய ஜெட் வானூர்தி ஆகும். இதன் முதல் பறப்பு 2002-இல் நிகழ்ந்தது. 2004 முதல் பயணிகள் சேவையில் உள்ளது. நடைவழியின் இரு பக்கங்களிலும் இரண்டிரண்டு இருக்கைகளே இருப்பதால் நடு இருக்கை என்பதே இதில் கிடையாது. ஏர் கோஸ்டா இவ்வானூர்தியில் 67 இருக்கைகளை அமைத்திருந்தது.

வட்டாரச் சேவைகளுக்குப் பொதுவாக ஏடிஆர்-72 போன்ற, விசிறிகளால் உந்தப்படும் டர்போபிராப் வானூர்திகளே பயன்படுத்தப்படுகின்றன. ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு உட்பட்ட குறுந்தொலைவில் அவற்றின் எரிபொருள் செலவு குறைவு. ஜெட் வானூர்தி வேகமானது. சென்னையிலிருந்து செய்ப்பூர் போன்ற நெடுந்தொலைவிற்கும் ஏற்றது. ஆனால் விஜயவாடா - ஐதராபாத் போன்ற குறுகிய வழித்தடத்தில் அந்த வேகத்தால் மிஞ்சும் நேரம் சில நிமிடங்களே.

இ-190

2014-இல் இ-190 வகை வானூர்திகளும் சேர்க்கப்பட்டன. இவை 112 இருக்கைகள் கொண்டவை. இ-170-ஐ ஒத்த விமானியறையைக் கொண்டிருப்பதால் விமானிகள் சிறிது கூடுதல் பயிற்சியுடன் இரண்டையும் இயக்க இயலும். எனினும் இவ்விரு வகைகளின் எஞ்சின்கள் வேறுபட்டவை. தனது உச்ச நிலையிலும் ஏர் கோஸ்டாவின் வானூர்திகள் நான்கினைத் தாண்டவில்லை.

எடையும் வரியும்

வானூர்தித் தேர்வில் தொழில்நுட்பத்திற்கு இணையாக வரிவிதிப்பும் முக்கியப் பங்கு வகித்தது. இந்தியாவில் வானூர்தி எரிபொருளின் மீது மாநிலங்கள் தத்தம் விருப்பப்படி விற்பனை வரி விதித்து வந்தன. அக்காலத்தில் தமிழ்நாட்டில் இது 29 விழுக்காடாக இருந்தது. ஆனால், மேலெழும்பும்போது 40,000 கிலோகிராமுக்கும் குறைந்த எடையுள்ள வானூர்திகளுக்கு விற்கப்படும் எரிபொருளை மைய அரசு சிறப்புப் பொருளாக அறிவித்திருந்தமையால், அதன் மீது 4 முதல் 5 விழுக்காடு வரியே விதிக்க முடியும். மேலும் 80-க்கும் குறைவான இருக்கைகள் கொண்ட வானூர்திகளுக்கு விமான நிலையத் தரையிறங்கு கட்டணமும் கிடையாது.

இ-170-இன் உச்ச எடை, அதன் உள்வகையைப் பொறுத்து, ஏறத்தாழ 36 முதல் 39 டன் ஆகும். 67 இருக்கைகளே இருந்தமையால் இரு சலுகைகளுக்கும் அது தகுதி பெற்றது. இ-190-இன் உச்ச எடை ஏறத்தாழ 48 டன்னில் தொடங்குகிறது. எனவே அது இரு வரம்புகளையும் தாண்டியது. அதாவது, பெரிய வானூர்தியைச் சேர்த்து இருக்கை ஒன்றிற்கான செலவைக் குறைக்க முயலும் நிறுவனம், அதே வேளையில் குறைந்த வரியையும் கட்டண விலக்கையும் இழக்க நேர்ந்தது. சிறியதாக இருப்பதற்குச் சலுகை இருந்தது. வளர்வதற்கு இல்லை.

ஐம்பது வானூர்திகளுக்கான ஒப்பந்தம்

2014 பெப்ரவரியில் சிங்கப்பூர் வான்காட்சியில், எம்பிரேயரின் இ-2 என்னும் இரண்டாம் தலைமுறை வானூர்திகள் 50-ஐ வாங்கப்போவதாக ஏர் கோஸ்டா அறிவித்தது. இவற்றுள் 25 இ-190-இ2 வகையும் 25 இ-195-இ2 வகையும் அடங்கும். மேலும் 50 வானூர்திகளை வாங்கும் உரிமையும் ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. உறுதி செய்யப்பட்ட 50 வானூர்திகளின் பட்டியல் விலை 294 கோடி அமெரிக்க டாலர். முதல் வானூர்தி 2018-இல் வரவேண்டும் என்பது திட்டம். இ-2 வகையை வாங்க முன்வந்த முதல் இந்திய நிறுவனம் ஏர் கோஸ்டாவே ஆகும்.

இத்தொகையைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம். பட்டியல் விலை என்பது தயாரிப்பாளர் வெளியிடும் விலை மட்டுமே. வாங்குவோர் பொதுவாகப் பெரும் தள்ளுபடி பெறுகின்றனர். முழுப் பணத்தையும் முன்கூட்டியே செலுத்துவதும் இல்லை. சிறிய முன்பணம் செலுத்தப்பட்டு, வானூர்தி கையளிக்கப்படும் காலத்தில் வங்கிக் கடன் வழியாகவோ, குத்தகை நிறுவனத்திற்கு விற்று மீண்டும் குத்தகைக்கு எடுப்பதன் வழியாகவோ மீதித் தொகை திரட்டப்படுகிறது. இந்தியாவில் இண்டிகோ நிறுவனம் இம்முறையைப் பின்பற்றியே வளர்ந்தது. எனவே சிறு நிறுவனம் ஒன்று பெரும் கொள்முதலை அறிவிப்பது தன்னளவில் வியப்பிற்குரியது அன்று. ஆனால் இம்முறை பயன்தர வேண்டுமானால், வானூர்தி வரும் நாள் வரை நிறுவனம் உயிர்ப்புடன் இருக்க வேண்டும். அதற்குத் தேவையான முதலீடே ஏர் கோஸ்டாவிற்குப் போதிய அளவில் கிட்டவில்லை.

மாநிலப் பிரிவினையும் போட்டியும்

2014 ஜூன் 2 அன்று ஆந்திரப் பிரதேசம் பிரிக்கப்பட்டுத் தெலங்கானா உருவானது. ஐதராபாத் தெலங்கானாவிற்குள் அமைந்தது. ஆந்திரப் பிரதேசத்தின் புதிய தலைநகராக விஜயவாடாவிற்கு அருகில் அமராவதி தேர்வு செய்யப்பட்டு, 2015 அக்டோபரில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அரசு அலுவலகங்கள் விஜயவாடாப் பகுதிக்கு இடம்பெயர்ந்தன. கன்னவரம் விமான நிலையத்தில் பயணிகள் எண்ணிக்கை விரைவாக உயர்ந்தது. 2017 சனவரியில் அங்கு புதிய முனையம் திறக்கப்பட்டது.

உள்ளூர் நிறுவனம் ஒன்றிற்கு இது நற்பேறாகத் தோன்றலாம். ஆனால் பயணிகள் பெருகும் இடத்தை நோக்கிப் பெரிய நிறுவனங்களும் வருகின்றன. 2011 முதலே 80 இருக்கைகளுக்கும் குறைவான கியூ-400 வகை டர்போபிராப் வானூர்திகளைத் தென்னிந்தியச் சிறு நகரங்களுக்கு ஸ்பைஸ்ஜெட் இயக்கி வந்தது. 2014-இன் பிற்பகுதியில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தபோது எல்லா நிறுவனங்களின் செலவும் குறைந்தது. ஆனால் பெரிய நிறுவனங்கள் அதனைப் பயன்படுத்திக் கட்டணத்தைக் குறைத்தன. சிறு நிறுவனங்களும் கட்டணத்தைக் குறைக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டன. இந்திய உள்நாட்டுப் பயணிகளில் ஏர் கோஸ்டாவின் பங்கு ஒரு விழுக்காட்டு அளவிலேயே நின்றது.

நெருக்கடியும் நிறுத்தமும்

2016 ஆகஸ்டில் வானூர்திகளைக் குத்தகைக்கு விட்டவருடன் ஏற்பட்ட பிணக்கினால் ஏர் கோஸ்டாவின் பறப்புகள் திடீரென நிறுத்தப்பட்டன. சில நாட்களுக்குள் சேவை மீண்டும் தொடங்கியது. எனினும் இந்நிகழ்வு பயணிகளிடமும் பயண முகவர்களிடமும் நம்பிக்கையைக் குலைத்தது. வானூர்திப் பயணச்சீட்டு முன்பணம் பெற்று விற்கப்படுவது. நிறுவனம் நாளை பறக்குமா என்ற ஐயம் எழுந்தால் மக்கள் முன்பதிவு செய்யத் தயங்குவர். முன்பதிவு குறைந்தால் அன்றாடச் செலவிற்கான பணமும் குறையும்.

அதே 2016-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பறப்பதற்கான அனுமதி ஏர் கோஸ்டாவிற்குக் கிடைத்தது. பெருநகரங்களுக்குப் பறக்க இயலாது என்ற பழைய தடை இதனால் நீங்கியது. ஆனால் அவ்வனுமதியைப் பயன்படுத்தத் தேவையான வானூர்திகளும் முதலீடும் அப்போது அதனிடம் இல்லை.

2017 பெப்ரவரி 28 அன்று எல்லாப் பறப்புகளும் நிறுத்தப்பட்டன. முதலில் இது தற்காலிக நிறுத்தமாகவே கருதப்பட்டது. புதிய முதலீட்டாளர் கிடைத்ததும் சேவை தொடரும் என எதிர்பார்க்கப்பட்டது. அது நடைபெறவில்லை. அதே ஆண்டில் அதன் இயக்க உரிமமும் செயலிழந்தது. இ-2 கொள்முதலும் நிறைவேறாது போயிற்று. நிறுவனத்தின் விமானிகள், பொறியாளர்கள், பணிப்பெண்கள், நிலைய ஊழியர்கள் எனப் பலர் வேலையிழந்தனர். முன்பதிவு செய்திருந்தோர் கடைசி நேரத்தில் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

சேவை நடந்த காலம் முழுவதும் ஏர் கோஸ்டா வானூர்திகளில் உயிரிழப்பு நேர்ந்த விபத்து எதுவும் நிகழவில்லை.

தோல்விக்கான காரணங்கள்

ஏர் கோஸ்டாவின் முடிவிற்குப் பயணிகள் இல்லாமை முதன்மைக் காரணம் என்று கூற இயலாது. அது விட்டுச்சென்ற நகரங்களில் பின்னர் பிற நிறுவனங்கள் நன்கு இயங்கி வருகின்றன. பின்வருவன முக்கியக் காரணங்களாகக் கருதப்படலாம்:

- சிறிய எண்ணிக்கை: இரண்டு வானூர்திகள் மட்டும் உள்ள நிறுவனத்தில் ஒன்று பழுதடைந்தால் அன்றைய சேவையில் பாதி நின்றுவிடும். நூறு வானூர்திகள் உள்ள நிறுவனத்தில் அது ஒரு விழுக்காடே. மாற்று வானூர்தியைத் தயாராக நிறுத்தி வைப்பதும் சிறு நிறுவனத்திற்குக் கட்டுப்படியாகாது.

- இருக்கைச் செலவு: 180 இருக்கைகள் கொண்ட ஏர்பஸ் ஏ-320 வானூர்தியை ஒரு முறை இயக்க ஆகும் செலவு, இ-170-ஐ இயக்குவதை விட அதிகம். ஆனால் அச்செலவு 67-க்குப் பதிலாக 180 பேரிடையே பகிரப்படுவதால் ஒருவருக்கான செலவு குறைகிறது. இரண்டும் ஒரே வழித்தடத்தில் போட்டியிட்டால் சிறிய வானூர்தியால் கட்டணத்தைக் குறைத்து நிலைக்க இயலாது. போட்டியில்லாத வழித்தடங்களிலேயே அது ஆதாயம் தரும்.

- டாலர் செலவு: குத்தகையும் உதிரிப் பாகங்களும் அமெரிக்க டாலரில் செலுத்தப்படுவன. வருவாயோ ரூபாயில். 2013 அக்டோபரில் ஏறத்தாழ 61 ரூபாயாக இருந்த டாலர், 2017 பெப்ரவரியில் ஏறத்தாழ 67 ரூபாயாக இருந்தது. கட்டணத்தை உயர்த்த முடியாத நிலையில் இச்சுமையை நிறுவனமே தாங்க வேண்டியிருந்தது.

- குத்தகையாளரின் பிடி: சொந்த வானூர்தி இல்லாத நிறுவனத்தில் தவணை தவறினால் வானூர்தி திரும்பப் பெறப்படும். வானூர்தி நின்றால் வருவாய் நிற்கும். வருவாய் நின்றால் அடுத்த தவணையும் தவறும்.

- கைம்முதல் இன்மை: மேற்கண்ட இடர்கள் எல்லா நிறுவனங்களுக்கும் உரியவையே. சில மாத இழப்பைத் தாங்கும் சேமிப்பு உடையவை பிழைக்கின்றன. அது இல்லாதவை ஒரே பிணக்கில் வீழ்கின்றன.

பிற குறுகிய கால வட்டார நிறுவனங்கள்

ஏர் கோஸ்டாவின் முடிவு தனித்த நிகழ்வு அன்று. ஏறத்தாழ அதே காலத்தில் தோன்றி மறைந்த பிற நிறுவனங்கள்:

- ஏர் பெகாசஸ் (பெங்களூர்): 2015 ஏப்ரலில் ஏடிஆர்-72 வானூர்திகளுடன் தொடங்கி 2016 சூலையில் நின்றது. 2015 ஜூனில் கடப்பை விமான நிலையம் திறக்கப்பட்டபோது அங்கு முதலில் சேவை வழங்கியது இதுவே.
- ஏர் கார்னிவல் (கோயம்புத்தூர்): 2016-இல் தொடங்கி 2017-இல் நின்றது.
- ட்ரூஜெட் (ஐதராபாத்): 2015 சூலையில் தொடங்கி 2022 வரை இயங்கியது.

பிற்காலத் தாக்கம்

2016 அக்டோபரில் இந்திய அரசு உடான் எனப்படும் வட்டார இணைப்புத் திட்டத்தை அறிவித்தது. இதன் முதல் பறப்பு 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து டெல்லிக்கு நிகழ்ந்தது. ஏர் கோஸ்டாவின் கடைசிப் பறப்பிற்கும் இதற்கும் இடையே இரண்டே மாதங்கள். ஒரு மணி நேரப் பயணத்திற்கு ஏறத்தாழ 2,500 ரூபாய் என்ற கட்டண உச்சவரம்பு ஒரு பகுதி இருக்கைகளுக்கு விதிக்கப்பட்டு, அதனால் ஏற்படும் இழப்பை அரசு ஈடுசெய்கிறது. வழித்தடத்தைப் பெறும் நிறுவனத்திற்கு மூன்றாண்டுத் தனியுரிமையும் அளிக்கப்பட்டது. பெரிய நிறுவனங்களின் போட்டியிலிருந்து பாதுகாப்பு, தொடக்க இழப்பிற்கு ஈடு ஆகிய இவ்விரண்டுமே ஏர் கோஸ்டாவிற்குக் கிடைக்காதவை.

இத்திட்டத்தின் துணையுடன் 2019-இல் தொடங்கிய ஸ்டார் ஏர் நிறுவனம், எம்பிரேயர் வானூர்திகளையே கொண்டு நிலைபெற்றது. 2023 முதல் அது இ-175 வகையையும் இயக்குகிறது. எனவே குறை வானூர்தி வகையில் இல்லை என்பது தெளிவாகிறது. அதே வேளையில், ட்ரூஜெட் உடான் வழித்தடங்களில் பறந்தும் நின்றுபோனமையால், அரசின் உதவி மட்டுமே போதுமானதன்று என்பதும் விளங்கும்.

விஜயவாடாவைப் பொறுத்தவரை ஏர் கோஸ்டா விட்டுச்சென்ற இடம் நீண்ட காலம் வெறுமையாக இருக்கவில்லை. 2017 டிசம்பரில் இண்டிகோ தன் முதல் ஏடிஆர் சேவைகளைத் தொடங்கியது. 2018-இல் விஜயவாடாவும் அதன் வலையமைப்பில் இணைந்தது. நகருக்கு வானூர்திகள் தொடர்ந்து வருகின்றன. ஆனால் அந்நகரைத் தலைமையகமாகக் கொண்ட நிறுவனம் இப்போது அவற்றுள் இல்லை.

இவற்றையும் பார்க்கவும்

- பாரமவுண்ட் ஏர்வேஸ்
- ஏர் டெக்கான்
- உடான் திட்டம்
- எம்பிரேயர்
- விஜயவாடா விமான நிலையம்